நாற்பதில் ஒன்று

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த சாதாரண வேலை, மின்விசிறி துடைத்தது. அவள் முக்காலி மேல் நின்றாள். நான் முக்காலியின் கால்களைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தேழு வயதில் மேலே ஏறுவது யார் என்று சின்னதாக ஒரு சண்டை நடந்து, வழக்கம்போல் அவள் ஜெயித்திருந்தாள்.

"மூக்க மூடிக்கோ," என்றாள். தூசி என் தலையில் விழுந்தது.

"ஈரத்துணியால துடைக்கலாம்ல?"

"ஈரத்துணின்னா சேறாயிடும். உங்கப்பா மாதிரியே பேசாத."

அடுத்த அறையிலிருந்து அப்பா, "நான் வாயே திறக்கலையே," என்றார்.

முதல் இறக்கையை முடித்தாள். விசிறியைக் கையால் திருப்பி அடுத்ததைப் பிடித்தாள். பிடித்தவள் துடைக்கவில்லை.

"ஏய், நான் ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது."

"சொல்லு."

"அந்த அறுபது நடைக் கணக்கு. உன்கிட்ட போன்ல கேட்டேனே. அதுல ஒரு பக்கந்தான் நான் அளந்தது. இன்னொரு பக்கம் நானா எழுதினது."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன.

"நானா எழுதினதுன்னா என்னம்மா அர்த்தம்?"

"அளந்தத அப்படியே திருப்பிப் போட்டேன். கண்ணாடில தெரியற மாதிரி." துணியை உதறினாள். "அத வெச்சுத்தான் டிரைவர் ஆமைய வேலைலேருந்து நிறுத்திட்டாங்க."

முக்காலி ஆடியது. என் கை தளர்ந்திருந்தது.

"ஒழுங்காப் பிடி. நான் விழுந்தா யாரு போய்ச் சொல்றது," என்றாள். மூன்றாவது இறக்கையையும் துடைத்து முடித்த பிறகுதான் இறங்கினாள்.

அது ஞாயிற்றுக்கிழமை, தேதி இரண்டு. வியாழக்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அம்மா பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். வண்டி வெளியே போகும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. இருபத்தொரு வருடம் அதே அறை. கம்பி போட்ட ஒரு ஜன்னல், இரண்டு பதிவேடு, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்தைத் தினமும் காலையில் வானொலி மணியோசைக்குச் சரிசெய்வாள். படிவத்தில் நிமிடம் எழுத மட்டும்தான் கட்டம் உண்டு. அவள் நொடியையும் ஓரத்தில் குறிப்பாள். ஓட்டுநர்கள் அவளுக்கு 'செகண்ட் முள்ளு' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே அக்கா.

"அக்கா, ஒரு அரை நிமிஷத்த விட்டுக்குடுங்க" என்று யாராவது ஜன்னலில் கெஞ்சினால், "அரை நிமிஷம் என்கிட்ட இருந்தா நானே தூங்கியிருப்பேன் தம்பி" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். அப்பா டிவி பழுது பார்க்கிறவர், சொன்ன நாளில் எதையும் திருப்பித் தந்ததில்லை. "இவளுக்கும் எனக்கும் சேத்து சராசரி எடுத்தா சரியா வரும்" என்பார்.

அவள் பள்ளிக்கூடக் கணக்கோடு நிறுத்தியவள். நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து என் புத்தகத்தைப் படித்தாள். திட்ட விலக்கம் அவளுக்குப் பிடித்துப்போனது. சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் அளவு அது. "நல்ல வார்த்தை. எவன் எவ்வளவு ஒழுங்குன்னு ஒரே எண்ணுல சொல்லிடுது," என்றாள். அதன் பிறகு பழைய வழித்தடத் தாள்களின் பின்பக்கம் முழுக்கக் கணக்குதான்.

போன வருடக் கடைசியில் பணிமனைக்குப் புது மேலாளர் வந்தார். கூடவே புதுக் கால அட்டவணையும். வண்டிகள் தாமதமாக வந்தால் அது சாலையின் குற்றமா ஓட்டுநரின் குற்றமா என்று பிரிக்க ஒரு விதி வேண்டும் என்றார். எத்தனை நிமிடம் வரை விடலாம், அதைத் தாண்டி மாதத்தில் எத்தனை தடவை வரலாம். அம்மாவிடம் கேட்டார். புது அட்டவணை ஓடத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளிடம் அட்டவணை மாறிய வழித்தடத்தில் போய்வந்த அறுபது நடைகளின் கணக்குதான் இருந்தது. அபூர்வமாக நடப்பதை எண்ணித் தெரிந்துகொள்ள அறுபது போதாது. அதனால் எனக்குப் போன் செய்தாள்.

நான் மோட்டார் தொழிற்சாலையில் அதிர்வுச் சோதனை செய்கிறேன். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று நிமிடம் பேசினோம்.

"வடிவம் தெரியாம எல்லை சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும். அதற்குத்தான் நிகழ்தகவுச் சமனின்மைகள் இருக்கின்றன. சராசரியும் திட்ட விலக்கமும் தெரிந்தால் போதும். எண்கள் பரவிக் கிடக்கும் வடிவம் எதுவாக இருந்தாலும் சரி, சராசரிக்கு மேலே மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டிப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது. சராசரியின் இரண்டு பக்கமும் சமச்சீராக இருந்தால் எல்லை இறுகும்: பதினெட்டில் ஒன்று. சமச்சீராக இருந்து, எண்கள் குவிகிற மேடும் ஒன்றே ஒன்றாக இருந்தால் இன்னும் இறுகும்: எண்பத்தொன்றில் இரண்டு, அதாவது சுமார் நாற்பதில் ஒன்று. மணி வடிவம் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு இறுக்கமும் யாரோ ஒருவர் ஒரு நிபந்தனைக்கு உறுதி சொல்வதால் கிடைப்பது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"மேடு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்ப நாற்பதுல ஒண்ணுக்கு மேல போகாது."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சோதனை மேசையில் எந்தத் தொழிலாளி எனக்கு ஓர் எண்ணைச் சொன்னாலும், எதில் அளந்தாய் என்றுதான் முதலில் கேட்பேன். அம்மாவிடம் கேட்கவில்லை.

அவள் செய்தது இது. அறுபதில் நாற்பத்திரண்டு நடை தாமதம். பதினெட்டு நடை மிகச் சரியான நேரம், நொடி பிசகாமல். அந்தப் பதினெட்டும் பொய் என்று அவளுக்குத் தெரியும். பணிமனையில் எல்லோருக்கும் தெரியும். சீக்கிரம் வந்து சேர்ந்த வண்டிக்கு ஓர் உபரி நடை கட்டிவிடுவார்கள். அதனால் சீக்கிரம் வருகிற ஓட்டுநர் வாசலுக்கு முந்தைய திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில், வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிப்பார். நேரம் ஆனதும் உள்ளே வருவார். இருபத்தொரு வருடமாக அந்த டீ வாசனையோடுதான் 'சரியான நேரம்' என்று எழுதியிருக்கிறாள்.

அவர்கள் மிச்சம் பிடித்த நிமிடங்களுக்குக் கணக்கில் இடம் இல்லாமல் போவது அநியாயம் என்று நினைத்தாள். பதினெட்டுப் பூஜ்யத்தையும் எடுத்துவிட்டாள். நாற்பத்திரண்டு தாமதத்தையும் அப்படியே மறுபக்கம் திருப்பி, சீக்கிரம் வந்த நடைகளாக எழுதினாள். இரண்டு நிமிடத் தாமதத்துக்கு ஒரு இரண்டு நிமிட முந்தல், பதினான்குக்கு ஒரு பதினான்கு. ஓட்டுநர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள். சராசரி பூஜ்யம். திட்ட விலக்கம் நான்கு நிமிடம். மூன்று மடங்கு பன்னிரண்டு. நாற்பதில் ஒன்று.

மேலாளருக்கு அது பிடித்துப்போனது. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் மாதத்தில் மூன்று தடவை வரை மன்னிப்பு, நான்காவதிலிருந்து வேண்டுமென்றே செய்த தாமதம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

முதலில் மாட்டியவர் ஆமை. பதினாறு வருட ஓட்டுநர். ஒரு விபத்து கிடையாது. நிதானமாக ஓட்டுவதால் அந்தப் பெயர். மதியப் பணியில் ஒரு மாதம் எண்பது நடை, அதில் ஐந்து பன்னிரண்டைத் தாண்டியது. கணக்குப்படி இரண்டு வரலாம், மேலாளர் ஒன்று கூட்டி மூன்று என்று வைத்திருந்தார். "ஆமை புகுந்த வீடுதான் உருப்படாதுன்னு நெனச்சேன், டெப்போவும் அப்படித்தான்" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். விசாரணை நடந்தது, பணியிலிருந்து நிறுத்தினார்கள். மேல்முறையீடு பத்தொன்பதாம் தேதி, தலைமை அலுவலகத்தில். அதிலும் தோற்றால் வேலை முழுதாகப் போய்விடும்.

அவர் அடையாள அட்டையைக் கொடுக்க அம்மாவின் ஜன்னலுக்கு வந்திருக்கிறார்.

"மேல ஆபீஸ்ல குடுக்கணும்பா," என்றாள் அம்மா.

"பதினாறு வருஷமா எதக் குடுத்தாலும் இந்த ஜன்னல்லதானக்கா குடுத்தேன். கை இங்கதான் வருது."

அட்டையை வாங்கிக்கொண்டாள். அவர் நகரவில்லை.

"ரயில்வே கேட்டு மூடினா பதினஞ்சு நிமிஷம் போகுதுக்கா. சரி. திறந்திருந்தா எனக்கு யாரு பதினஞ்சு நிமிஷம் குடுக்கறா?"

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அவள் செருப்புச் சத்தம் கேட்கும், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே. என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்பாள். ஏழு வாரம் என்னிடம் சொல்லவில்லை. நான் தப்பான எண் சொன்னதாக நினைத்து வருந்துவேன் என்று அப்பாவிடம் சொன்னாளாம்.

நான் சொன்ன எண் சரிதான். யாருக்கு என்ன பயன்.

அந்த ஏழு வாரத்தில் அவள் என்ன செய்தாள் என்பதைப் பிறகு ஓட்டுநர்கள் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். காலைப் பணி ஒரு மணிக்கு முடியும். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, மூடிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்தாள். கையில் நோட்டு, நிறுத்தற்கடிகாரம். வண்டி வந்து நிற்பதிலிருந்து கிளம்புவது வரை எவ்வளவு நேரம். அவள் கற்பனையாக எழுதிய பக்கத்தை இப்போது அளந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் நாளே வண்டிகள் அங்கே நிற்பதை நிறுத்திவிட்டன. மூன்றாம் நாள் அடுத்த தெருவில் நின்றன. அவள் அடுத்த தெருவுக்குப் போனாள். அவை பெட்ரோல் பங்குக்குப் பின்னால் போயின.

"முள்ளு இங்கயும் வந்து குத்துதே," என்று யாரோ வண்டிக்குள்ளிருந்து சொன்னது அவள் காதில் விழுந்தது. எழுந்து நேரே அந்த வண்டியின் கதவருகே போனாள்.

"எறங்குங்க. எல்லாரும்."

நான்கு பேர் இறங்கினார்கள். மூத்த ஓட்டுநர் ஒருவர் முன்னால் நின்றார். அவர்தான் இதை எனக்குச் சொன்னார்.

"அக்கா, உங்களுக்கு நாங்க என்ன பண்ணினோம்? ஆமையோட போகட்டும்னு இருக்கோம். எங்களையும் மாட்டி விடணுமா?"

"உங்கள மாட்டி விட வரல. ஆமையக் கழட்டி விட வந்திருக்கேன்."

"நாங்க இங்க நிக்கறத எழுதினா உபரி நடை எங்க தலைல. அவனுக்காக நாங்க அத்தன பேரும் ஓட்டணுமா?"

அம்மா நோட்டை அவர் கையில் கொடுத்தாளாம். "படிச்சுப் பாரு. எந்த எடத்துலயாவது வண்டி நம்பர் இருக்கா?"

அவர் புரட்டினார். 2, 1, 3, 1, 2. நிமிடங்கள் மட்டும், ஓரத்தில் நொடி. வண்டி எண் இல்லை, பெயர் இல்லை, நாள்கூட இல்லை.

"இது எதுக்கு?"

"நீங்க எவ்வளவு சீக்கிரம் வரீங்கன்னு தெரியணும். பதினாலு நிமிஷம் சீக்கிரமா வந்திருக்கியா என்னிக்காவது?"

"பதினாலா? பஸ்ஸக்கா இது. ராக்கெட்டா?"

அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்" என்று சொல்ல வாய் வரை வந்ததாம். ஞாயிறன்று என்னிடம் சொன்னாள். அவர்களிடம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து வண்டிகள் தொட்டிக்கே திரும்பி வந்தன. சிலர் ஜன்னல் வழியாகவே கத்தினார்கள். "அக்கா, இன்னிக்கு ரெண்டரை, எழுதிக்கோங்க." அவள் அதை எழுதவில்லை. தன் கடிகாரத்தில் அளந்ததை மட்டும் எழுதினாள். நாற்பது முந்தல்கள் சேர்ந்தன. அதிகபட்சம் மூன்றரை நிமிடம்.

ஞாயிறு மதியம் மேசையில் பழைய தாமதங்களையும் புது முந்தல்களையும் நாற்பத்திரண்டுக்குப் பதினெட்டு என்ற விகிதத்தில் சேர்த்துப் போட்டோம். பரவல் ஒரு பக்கம் மூன்றரையில் நின்றது, மறுபக்கம் பதினான்கு வரை இழுத்துக்கொண்டு போனது. சமச்சீர் என்று எந்த வகையிலும் சொல்ல முடியாது. ஒரே மேடு என்பதையும் நான் இப்போது நம்பவில்லை. கேட் மூடிய நடைகள் தனியாக ஒரு மேடாக இருக்கலாம்.

"அப்ப எதுவுமே சொல்ல முடியாதா?" என்று கேட்டாள்.

"சொல்லலாம். கொஞ்சமாத்தான் சொல்லலாம்."

"கொஞ்சம் போதும்."

எந்த வடிவத்துக்கும் செல்லுபடியாகிற பழைய சமனின்மையைப் போட்டேன். சராசரி ஒன்றரை நிமிடம், திட்ட விலக்கம் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டுவது அதிகபட்சம் பன்னிரண்டில் ஒன்று. எண்பது நடைக்கு ஆறு வரை வரலாம். ஆமைக்கு ஐந்து.

அவர் குற்றமற்றவர் என்று இது நிரூபிக்காது. குற்றவாளி என்று சொல்ல இந்தக் கணக்கில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லும். இதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே புரிந்திருந்தது. "நிறுத்தறதுக்கு மட்டும் நிரூபணம் இருந்துச்சா?" என்றாள்.

கடிதத்தை அவளே எழுதினாள், மூன்று பக்கம். முதல் வரியே 'கீழே கையொப்பமிட்ட நான் அளக்காததை அளந்ததாகக் கொடுத்தேன்'. முதலிலேயே ஏன் அது, கணக்கை முன்னால் வைக்கலாமே என்றேன். "லேட்டா வர்றவன்தான் காரணத்த முதல்ல சொல்லுவான்," என்றாள். ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. இந்தக் கடிதம் போனால் அவள்மேலும் விசாரணை வரும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. மாலை ரயிலுக்கு நான் கிளம்பிவிட்டேன்.

அவள் போன மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களில் ஆமையும் இருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர்க் கேன் தூக்கி வந்தார். கிளம்பும்போது என்னிடம் வந்து நின்றார்.

"அக்கா இருந்திருந்தா பத்தொம்பதாம் தேதி எனக்குச் சாட்சி சொல்லியிருப்பாங்க. அவங்க ஒருத்தர்தான் எனக்காகத் தெருத்தெருவா அலைஞ்சாங்கன்னு பசங்க சொன்னாங்க."

நான் அவர் எடுத்துப் போட்ட நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினேன். அவரை நிறுத்தியது யாருடைய கணக்கு என்று அவருக்குத் தெரியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அன்று அவள் பையைத் திறந்தேன். கடிதம் இருந்தது. கையெழுத்து இல்லை. அப்பாவைக் கேட்டேன்.

"ஆமைகிட்ட நேர்ல சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்னா," என்றார். "காகிதத்தப் பாத்து அவன் தெரிஞ்சுக்கக் கூடாதாம். திங்கக்கிழம கெளம்பிப் போனா. புதன்கிழமையும் போனா."

"என்னாச்சு?"

"தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டா. ஒரு நாள் வீடு பூட்டியிருக்குன்னா. இன்னொரு நாள் கொழந்தைங்க வெளில வெளையாடுது, அதுங்க முன்னாடி எப்படிச் சொல்றதுன்னா." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கம்மா ஒரு எடத்துக்கு நேரத்துக்குப் போகாம திரும்பி வந்தது இதுதான்."

நேற்று ஒரு பக்கம் நான் எழுதினேன். நாற்பதில் ஒன்று என்று சொன்னவள் நான், அதற்கான நிபந்தனையைச் சரிபார்க்காமல் சொன்னேன் என்று. கையெழுத்திட்டேன். இன்று, பதினேழாம் தேதி, காலையில் அம்மாவின் கடிதத்தோடும் நோட்டோடும் தலைமை அலுவலகத்தில் கொடுத்தேன். மேல்முறையீட்டுப் பிரிவு எழுத்தர் எல்லாவற்றையும் புரட்டினார். கையெழுத்தில்லாத கடிதத்தை இணைப்பாகத்தான் சேர்க்க முடியும் என்றார். அது அம்மா கைப்பட எழுதியதுதான் என்று நான் சான்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒண்ணு பாக்கி," என்றார். "சம்பந்தப்பட்டவருக்குப் பிரதி போகணும். தபால்ல போட நாள் இல்ல. நேர்ல குடுத்து, படிச்சேன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள."

பிரதி என் கையில் இருக்கிறது. முகவரி அம்மாவின் எழுத்தில், நோட்டின் பின் அட்டையில்: மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, இரண்டாம் மாடி, இடதுபக்கக் கதவு. அதற்குக் கீழே, என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்திருக்கிறாள். 'தம்பி, உன்னை நிறுத்தினது' என்று தொடங்கி அடித்திருக்கிறாள். அடுத்த வரியில் மறுபடி 'தம்பி'. அதற்கு மேல் எழுதவில்லை.